பச்சை வெளுக்காத அறை

அத்தியாயம் 5

விஷம் வைக்கிறவள் என்று தெருவே கைகாட்டும் பெண் இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சோற்றை எப்படித் தட்டிக் கழிப்பது என்று பால்சாமி யோசித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து இலையில் சுருளிவேல் ஏற்கெனவே உட்கார்ந்து, இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, கண்ணை மூடி 'முருகா' என்று ஒரு வார்த்தை சொல்லி, மொச்சைக் குழம்பைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். ஏட்டு உத்தியோகத்தை உதறிவிட்டு, போடி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருக்கும் மனிதர். பால்சாமி அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் குரங்கணி ரோட்டில் ஜீப் ஓட்டியவன். பலகை மாட்டிய நாளிலிருந்து அவர்களைத் தேடி வந்தவை பெரும்பாலும் காணாமல் போன ஆடுகள். விஷம் இதுதான் முதல் தடவை.

"உங்களுக்குப் போடட்டுமா அண்ணே?" என்றாள் ராமுத்தாய்.

"வேணாம் தாயி. எனக்கு இன்னைக்கு விரதம்."

"புதன்கிழமையில என்ன விரதம்?"

"உசுரோட இருக்கணும்னு ஒரு வேண்டுதல்."

ராமுத்தாய் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் ஓங்கிப் போட்டாள். "சாப்பிட்டுச் செத்தா எம்மேல கேசு. சாகலைன்னா, இன்னைக்குப் பயந்துக்கிட்டு மருந்து போடலைம்பாக. நல்லாத்தான் இருக்கு உங்க நாயம்!"

"பேச்சைப் பாரு பேச்சை!" என்று சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மாமியார் கருப்பம்மாள் இடுப்பில் சாவிக் கொத்தோடு நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். முகம் வெளிறியிருந்தாலும் நாக்கில் ஒரு குறையும் இல்லை. "வாயில இருக்கிற வெசத்தைத்தான் குழம்புல கலக்குறா. ஏட்டையா, நீங்க சாப்பிடுறது உங்க தைரியம். நாளைக்கு எங்களைக் கேக்கக் கூடாது."

"குழம்பு நல்லாருக்கு ஆத்தா" என்றார் சுருளிவேல். "உப்பு மட்டும் ஒரு கல்லு குறையுது."

அந்த வீட்டு விவகாரம் இதுதான். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஜக்கையன், அவர் மனைவி கருப்பம்மாள், மகன் ராஜாராம் மூவரும் காலையில் எழுந்திருக்கும்போதே தலை பிளக்க எழுந்திருக்கிறார்கள். குமட்டல், வாந்தி. கால் துணியாய்த் துவண்டுவிடுகிறது. உச்சிப்பொழுது ஆனால் கொஞ்சம் தெளிகிறது. மறுநாள் காலையில் பழையபடி. மருமகள் ராமுத்தாய்க்கு மட்டும் ஒரு தும்மல்கூட இல்லை. ராஜாராம் குரங்கணிக்கு மேலே காய் உலர்த்தும் ஸ்டோரில் தங்கும் நாட்களில் கல்லுக்குண்டாக இருக்கிறான். வீட்டுக்கு வந்து படுத்தால் விழுகிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றது தெரு.

அன்று காலையில்தான் கருப்பம்மாள் இரண்டு வயதுப் பேத்தி பொன்னுமணியைத் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். ராசிங்காபுரத்தில் இருக்கும் ராமுத்தாயின் அண்ணன் மொக்கையனுக்கு ஆள் போய்விட்டது: பொழுது சாய்வதற்குள் வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ, பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை, இங்கேதான் இருக்கும். அதற்குள் என்ன மருந்து என்று கண்டுபிடித்துச் சொன்னால் போலீசுக்குப் போக வசதியாக இருக்கும் என்பதற்காகவே ஜக்கையன் சுருளிவேலைக் கூப்பிட்டிருந்தார்.

துப்பறிகிறவர்களைக் கூப்பிட்டுவிட்டு, தீர்ப்பையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வீடு அது.

பால்சாமி காலை நீட்டினான். அடுப்பு மூலையில் இருந்த கூடையில் கால் பட்டது. கூடை 'மியா' என்றது. எட்டிப் பார்த்தான். பழைய சேலைத் துண்டில், கண் திறந்தும் திறக்காமலும், எலிக்குஞ்சு போல மூன்று பூனைக்குட்டிகள்.

"மருந்து வைக்கிறவ வீட்டுல பூனை எப்படி இம்புட்டு நம்பிக்கையாப் படுத்திருக்கு?"

"பூனைக்கு மாமியா கிடையாது" என்றாள் ராமுத்தாய். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன வியாழக்கிழமை ராத்திரி நல்ல மழை. மூட்டை அறை வாசப்படியிலேயே குட்டி போட்டிருச்சு. கதவைச் சாத்தினா நசுங்கிப்போகும். எல்லாரும் உள்ள தூங்கிட்டாக. நான்தான் அம்மிக் குழவியை உருட்டிக்கிட்டு வந்து கதவுக்கு அண்டக் கொடுத்தேன். விடிஞ்சதும் மாமா பார்த்துட்டு தாய்ப்பூனையை ஒரே எத்து. குட்டிகளை நான் அள்ளிட்டு வந்துட்டேன். அது இன்னும் அந்த அறையைத்தான் சுத்திச் சுத்தி வருது."

"காய் மூட்டையில பூனை மசுரு ஒட்டினா எவன் வாங்குவான்?" என்றாள் கருப்பம்மாள். "பூனைக்குக் காட்டுற கருணையைக் கட்டினவனுக்குக் காட்டுனா நாங்க ஏன் இப்படிக் கெடக்கோம்?"

சுருளிவேல் மோருக்கு இலையைக் குவித்துக்கொண்டே கேட்டார். "ஆத்தா, இந்த மழை தொடங்கினதுல இருந்து ஒரு நாளாவது நீங்க மூணு பேரும் நல்லா எந்திரிச்சது உண்டா?"

"ஏன் இல்ல? போன வெள்ளிக்கிழமை. கிண்ணுனு எந்திரிச்சோம். முந்தின நாள் சாயங்காலம் நான் இவளை வச்ச வசவு அப்படி. பயந்துபோயி மருந்தைத் தொடலை. மறுநாளே ஆரம்பிச்சுட்டா!"

சுருளிவேல் மோரை வழித்துக் குடித்தார். இலையை மூடிவிட்டு எழுந்தார். பால்சாமிக்கு அந்த முகம் தெரியும். வாய்க்குள் ஏதோ சிக்கியதுபோல் நாக்கால் துழாவிக்கொண்டிருக்கிற முகம். மொச்சைத் தோலாகவும் இருக்கலாம், துப்பாகவும் இருக்கலாம்.

கொல்லைப்புறம் போய்க் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் பாத்திரங்களையும் பார்த்தார்கள். பால்சாமி பார்த்தான் என்பதுதான் சரி. சுருளிவேல் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு, "அந்தக் குடத்தையும் கவுத்துப் பாரு" என்றார். பால்சாமி மழையில் நனைந்து நடுங்கினான்.

"அண்ணே, விசத்துல சாகலைன்னாலும் இந்தச் சோலியில சளி பிடிச்சுச் செத்துருவேன் போலிருக்கு."

"தலையைத் துவட்டுடா" என்று தன் துண்டை எடுத்து அவன் தலையில் போட்டார் சுருளிவேல்.

மூட்டை அறை வீட்டின் நடுவே, பக்கவாட்டுச் சந்தை ஒட்டி இருந்தது. ஜக்கையன் கதவைத் திறந்த வேகத்திலேயே கத்தினார்.

"வெரசா உள்ள வாங்க! கதவைச் சாத்துங்க! வெளிச்சம் அடிக்குது! ஏய், அந்த ஈரத் துண்டை வெளிய போடு. பீடி கீடி இருந்தா அதையும்."

உள்ளே கண் இருட்டியது. கூரை மட்டத்துக்கு மூட்டைகள். ஜன்னல் இரண்டையும் பலகையால் மூடி, பலகை இடுக்கிலெல்லாம் பழைய பேப்பரை மைதாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். கூரை ஓரத்துக் காற்றுப் பொந்துகளிலும் பேப்பர். வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும். ஈரம் பட்டால் பூசணம் பூத்துவிடும். எந்த வாடை வந்தாலும் காய் அதை உறிஞ்சிக்கொள்ளும். போடியில் காய் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மூன்றும்தான் எமன். ஜக்கையன் மூன்று எமனையும் வெளியே தள்ளித் தாழ் போட்டிருந்தார். நடுவில் ஒரு பெரிய மண்சட்டி நிறைய மரக்கரி, செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது.

"மழைக் காலம்னா இந்தக் கணப்பு இல்லாம ஆகாது" என்றார் ஜக்கையன். கண் சிவந்திருந்தது, பேசும்போது நெற்றியை அழுத்திக்கொண்டார். "ராத்திரிக்குத்தான் வைப்போம். இன்னைக்குச் சனியன் மழை விடலை, காலையிலேயே வச்சாச்சு. விறகு வச்சாப் புகை வாடை ஏறிப்போகும். கரியைப் பாருங்க, புகை இல்லை, வாடை இல்லை. எங்க அய்யா காலத்துல ஓட்டுச் சந்துல காத்து வரும், காய் வெளுக்கும். நான் ஒரு பொட்டுச் சந்து விடலை. இந்த ஊருலயே இப்படிப் பச்சை எவன்கிட்டயும் கிடையாது. ஏல மையத்துல எங் காயை மூடாக்குப் போட்டு வச்சாலும் வாங்குறவன் கண்டுபிடிச்சிருவான்."

"எல்லாரும் இங்கதான் படுக்கிறதா?" என்றார் சுருளிவேல்.

"பின்னே? களவாணிப் பயக ஊருல மூட்டையை விட்டுட்டு எங்க படுக்க? நான், எம் பொண்டாட்டி, எம் மகன் வந்தா அவன்."

"மருமக?"

"அவளா!" ஜக்கையன் காறித் துப்பப் போனவர், மூட்டைகளைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "அவ தலையில தேய்க்கிற விளக்கெண்ணெய் வாடை காய்க்கு ஏறும். கல்யாணம் பண்ணி வந்த அன்னைக்கே சொல்லியாச்சு, உம் படுக்கை அடுப்படியிலன்னு. பிள்ளையையும் தன்கூடவே போட்டிருந்தா. இன்னைக்குத்தான் மீட்டோம்."

மூட்டைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் ராஜாராம் சுருண்டு கிடந்தான். கீழே, மடித்துப் போட்ட சாக்கின் மேல், பொன்னுமணி தூங்கிக்கொண்டிருந்தாள். கரி வெளிச்சத்தில் கன்னம் இரண்டும் சிவந்து தெரிந்தன.

"நான் அண்டை அயல்ல ரெண்டு வார்த்தை விசாரிச்சுட்டு வர்றேன்" என்றார் சுருளிவேல். "பால்சாமி, நீயும் வா."

பால்சாமி கணப்பைப் பார்த்தான். கதவுக்கு வெளியே பெய்யும் மழையை நினைத்தான். "அண்ணே, நோயாளியை ஒருத்தர் விசாரிக்கணும்ல? அந்தக் கஷ்டத்தை நான் படுறேன்."

சுருளிவேல் போனார். ஜக்கையன் சட்டியில் இன்னும் இரண்டு கை கரியை அள்ளிப் போட்டுவிட்டு, கதவைப் பொத்தினாற்போல் சாத்திக்கொண்டு போனார். பால்சாமி சட்டிக்கு அருகில் குந்தி, இரண்டு உள்ளங்கையையும் காட்டினான். சொர்க்கமாக இருந்தது.

"மாப்ளே ராஜாராமு, குரங்கணி ஸ்டோர்லயும் இப்படித்தான் கணப்பா?"

"இல்லண்ணே. அங்க அடுப்பு வெளிய இருக்கும். இரும்புக் குழாய் வழியாச் சூடு மட்டும் உள்ள வரும். புகை மேல கூண்டு வழியாப் போயிரும்."

"சாப்பாடு?"

"நானே பொங்கிக்குவேன்."

"அதான் பொழைச்சுக் கெடக்கே. எங்க அண்ணன் சமைச்சா நான் எந்த மருந்தும் இல்லாமலே விழுந்துருவேன்." ராஜாராம் சிரிக்கவில்லை. பால்சாமி கொஞ்சம் நெருங்கினான். "நேராக் கேக்குறேன். உம் பொண்டாட்டி உனக்கு மருந்து வச்சான்னு நீ நம்புறியா?"

"அம்மா சொல்றாக."

"அம்மா சொல்றது தெருவுக்கே கேக்குது. நீ என்ன சொல்றே?"

ராஜாராம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "தலை வலிக்குதுண்ணே. பேச்சு வேணாம்."

கட்டின பெண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்வதற்கு அவனுக்கு அந்த வீட்டில் காற்றில்லை. ஒரு வார்த்தைதான், சொல்லியிருந்தால் அடுப்படியில் கிடக்கும் பெண்ணுக்கு அன்றைய பொழுதைத் தாங்கும் பலம் வந்திருக்கும். பால்சாமி அலுத்துக்கொண்டு குழந்தைப் பக்கம் திரும்பினான். நாக்கை மடித்துக் குயில் போலக் கூவினான். எந்தக் குழந்தையும் கண் விழித்துப் பார்க்கிற கூவல் அது. பொன்னுமணி அசையவில்லை. நல்ல தூக்கம் போலிருக்கிறது என்று எண்ணினான். மூட்டையில் சாய்ந்தான். தனக்கும் தூக்கம் வந்தது.

அவனை எழுப்பியது ஜீப் சத்தம். அடுத்தாற்போல் தெருவே கேட்கிற குரல்.

"ஏய் ஜக்கையா! வெளிய வாடா! எந் தங்கச்சி கொலைகாரியா?"

பால்சாமி எழுந்தான். எழுந்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். முழங்கால் வேறு மாதிரி நினைத்தது. இரண்டாவது முயற்சியில் மூட்டையைப் பிடித்து நின்றான். நெற்றிக்குள் யாரோ கொட்டடித்தார்கள். கதவு எங்கே என்று தேடுவதற்குள் கதவே திறந்தது. கருப்பம்மாள் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"ஆளுகளோட வந்திருக்கான். பிள்ளையைத் தூக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கான். போ வெளிய!"

அவன் வெளியே தடுமாறி விழ, அவள் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள். சாவி இடுப்புக்குப் போனது. ராஜாராமும் குழந்தையும் உள்ளே.

முன்கூடத்தில் மொக்கையன் நின்றிருந்தான். மழையில் ஊறிய நெடிய உருவம். பின்னால் ராசிங்காபுரத்துப் பங்காளிகள், கதிர் அறுக்கப் போகிறவர்களைப் போல ஆளுக்கொரு அரிவாளோடு. எதிரே ஜக்கையனும், காய் தூக்குகிற நாலு பேரும். தெருச் சனம் வாசலில் நெருக்கியடித்து நின்றது. நடுவே, யார் பக்கமும் இல்லாமல், ராமுத்தாய். சுருளிவேல் இரண்டு அணிக்கும் இடையில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"கூட்டிட்டுப் போகச் சொன்னே, கூட்டிட்டுப் போறேன்" என்றான் மொக்கையன். "பிள்ளையைக் கொண்டா."

"பிள்ளை எங்க ரத்தம்" என்றார் ஜக்கையன். "வெசக்காரி கையில கொடுக்க முடியாது."

"இன்னொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லு பாப்போம்!"

"நூறு தடவை சொல்லுவேன். வெசக்காரி! வெசக்காரி!"

அரிவாள் ஒன்று உயர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பால்சாமி சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தான், எல்லாருக்கும் நடுவே போய் நின்றான், குனிந்து வாந்தி எடுத்தான்.

உயர்ந்த அரிவாள் தாழ்ந்தது. பிறகு கருப்பம்மாளின் குரல் ஓட்டைப் பிய்த்தது.

"பாத்தீகளா! எல்லாரும் பாத்தீகளா! துப்பறிய வந்தவனுக்கே வச்சுட்டாளே! மத்தியானம் இவ கையால சோறு போட்டா, நானே கண்ணால பார்த்தேன்! இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

வாசலில் இருந்தவர்கள் பொங்கினார்கள். ஒரு கல் வந்து ராமுத்தாயின் தோளில் பட்டது. அவள் அழவில்லை. கல் வந்த திசையைப் பார்த்தாள். மொக்கையனே ஒரு அடி பின்னால் வைத்துத் தங்கச்சியின் முகத்தை உற்றுப் பார்த்தான். கூடப் பிறந்தவன் அப்படிப் பார்த்ததுதான் அவளுக்குக் கல்லைவிட வலித்திருக்க வேண்டும்.

பால்சாமி வாயைத் துடைத்தான். "யாருக்குச் சோறு போட்டா?"

"உனக்குத்தான்டா!"

"நான் எங்க சாப்பிட்டேன்? எனக்குத்தான் விரதமாச்சே! காலையில குடிச்ச டீயோட சரி, பச்சைத் தண்ணி பல்லுல படலை."

வாசலில் இருந்தவர்கள் கருப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாப்பிட்டது நான்" என்றார் சுருளிவேல் மெதுவாக. "மொச்சைக் குழம்பு, ரசம், மோர், கடைசிப் பருக்கை வரைக்கும். கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கிறேன். சாப்பிட்டவன் நல்லாருக்கேன், பட்டினி கிடந்தவன் வாந்தி எடுக்கிறான்." அவர் பால்சாமியின் தோளைப் பிடித்தார். "எப்படிடா இருக்கு? தலையா, வயிறா?"

"தலைதாண்ணே. இந்தத் தலைவலி எனக்குப் பழைய சிநேகிதம்." பால்சாமி கண்ணை இறுக மூடித் திறந்தான். "குரங்கணியில ஒருக்க மழைக்கு ஜீப்பை ஷெட்டுக்குள்ள விட்டு, கதவை அடைச்சு, குளிருக்கு இஞ்சினை அணைக்காமத் தூங்குனேன்ல? கிளீனர் வந்து காலைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டான். அதே தலைவலி. அதே குமட்டல். அன்னைக்கு மட்டும் அவன் ஒண்ணுக்குப் போக எந்திரிக்கலைன்னா…"

சுருளிவேலின் கை அவன் தோளில் இறுகியது.

"பூனை" என்றார்.

"என்னது?"

"வியாழக்கிழமை ராத்திரி பூனைக்காகக் கதவைத் திறந்து வச்சா இந்தப் பொண்ணு. வெள்ளிக்கிழமை காலையில மூணு பேரும் நல்லா எந்திரிச்சீக. வசவுக்குப் பயந்தில்ல ஆத்தா, கதவு திறந்திருந்ததால! சாப்பாட்டு விசம்னா சாப்பிட்டவனைப் பிடிக்கும். இது அந்த அறையில படுத்தவனைத்தான் பிடிக்குது. கரி! மூடின அறையில கரி கனன்னா அதுல ஒரு விசக்காத்து வரும். புகை இருக்காது, வாடை இருக்காது. தூங்கறவன் தூங்கிட்டே போயிருவான். பால்சாமி, அறைக்குள்ள யாரு?"

"ராஜாராமு… அப்புறம்…" பால்சாமிக்குத் தான் குயில் போலக் கூவியது நினைவுக்கு வந்தது. அசையாத சிவந்த கன்னம் நினைவுக்கு வந்தது. "அண்ணே! பிள்ளை! காலையில இருந்து உள்ளதான் கெடக்கு! நான் கூப்பிட்டேன், எந்திரிக்கலை!"

"சாவி!" என்று சுருளிவேல் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் பால்சாமி கேட்டான்.

கருப்பம்மாள் இடுப்பை இரு கையாலும் பொத்திக்கொண்டாள். "தர மாட்டேன். இது பிள்ளையைத் தூக்க நீங்க போடுற நாடகம். அவனோட சேந்துக்கிட்டீக!"

"ஆத்தா, உங்க மகனும் உள்ளதான் இருக்கான்!"

"தர மாட்டேன்!"

ராமுத்தாய் அங்கே இல்லை. எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. பால்சாமி திரும்பியபோது அவள் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தாள், மார்போடு அணைத்த அம்மிக் குழவியோடு. பூனைக்காக உருட்டி வந்த கல்லை இப்போது தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கவாட்டுச் சந்துக்குள் நுழைந்தாள்.

"ஏய், ஜன்னலை உடைக்காதே!" ஜக்கையன் அவள் பின்னால் பாய்ந்தார். "வெளிச்சம் போயிரும்! மழைச் சாரல் போயிரும்! காய் அம்புட்டும் வெளுத்துப்போகுமடி!"

மொக்கையன் குறுக்கே கையை நீட்டினான். ஜக்கையன் அதில் மோதி நின்றார்.

முதல் அடியில் பலகை விரிந்தது. இரண்டாவது அடியில் நடுக்கம்பி பெயர்ந்து, பேப்பரும் பலகையும் குழவியும் சேர்ந்து உள்ளே போய் விழுந்தன. வெளிச்சம், பல நாள் பசியோடு காத்திருந்ததுபோல், அறைக்குள் புகுந்தது. மொக்கையன் பக்கத்துக் கம்பி இரண்டைப் பிடித்து நெளித்தான். அந்த இடுக்கில் உடம்பை நுழைத்து ராமுத்தாய் உள்ளே விழுந்தாள்.

வெளியே வந்தது முதலில் குழந்தைதான். தலை தொங்கியது. மொக்கையன் வாங்கி மழைச் சாரலில் பிடித்தான். பெரிய மீசைக்காரன், கையில் வைத்திருப்பது என்னவென்று தெரியாதவன்போல், "ஆத்தா… ஆத்தா…" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சுருளிவேலின் உதடுகள் அசைந்தன. அந்த நேரத்தில் அவர் துப்பறிகிறவர் இல்லை, பழனி மலையைப் பார்த்து நிற்கும் ஏதோ ஒரு பக்தர்.

பொன்னுமணி ஒரு தடவை விக்கினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். பிறகு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டுக் கருப்பம்மாள் நடைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சாவிக் கொத்து தானாகவே அவள் கையிலிருந்து நழுவியது. பால்சாமி அதை எடுத்துக் கதவைத் திறந்தான். காய் தூக்குகிறவர்களும் அரிவாள்காரர்களும் சேர்ந்துதான் ராஜாராமைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்தார்கள். கை காலில் அசைவு இருந்தது. கண் திறந்து முதலில் தேடியது ராமுத்தாயை.

"அரிவாளை ஜீப்புல போடுங்கடா" என்றார் சுருளிவேல். "இவங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. வழியெல்லாம் காத்துப் படட்டும், படுதாவை இறக்காதீங்க." பிறகு ஜக்கையனைப் பார்த்தார். குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "இந்த வீட்டுல யாரும் யாருக்கும் மருந்து வைக்கலை. நெருப்பை வெளிய வைங்க, உங்க குரங்கணி ஸ்டோர் மாதிரி. மேல இருக்கிற பொந்தையெல்லாம் திறந்து விடுங்க. காய் இருக்கிற அறையில மனுசன் படுக்க வேணாம். அவ தலை எண்ணெய் வாடையைக் காரணம் சொல்லித் தள்ளி வச்சீக. அதனால ஒருத்தியாவது தெளிவா இருந்தா, இன்னைக்குக் கல்லைத் தூக்க. அது உங்க புண்ணியம் இல்ல."

ராமுத்தாய் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். கருப்பம்மாள் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வசவைத் தவிர வேறு வார்த்தை பழகாத வாய், தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தது.

"திரும்பி… வருவேல்ல?"

ராமுத்தாய் தோளைத் தடவிக்கொண்டாள். கல் பட்ட இடம். "பிள்ளை கண்ணு நல்லாத் திறக்கட்டும். அப்புறம் யோசிக்கிறேன் அத்தை. இன்னைக்கு என்னைக் கேக்காதீக."

ஜீப் போயிற்று. தெருச் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது. கல்லெறிந்தவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மாதிரிக் கல்லை எறிந்தவர் யாரும் ஊரில் எப்போதும் இருப்பதில்லை.

பால்சாமி அடுப்படிக்குப் போனான். பானையில் சோறு மீதி இருந்தது. குழம்பை ஊற்றிக்கொண்டு, கூடைப் பக்கத்தில் உட்கார்ந்தான். "விரதம் முடிஞ்சுதுண்ணே" என்றான் வாசலில் நின்ற சுருளிவேலிடம். இரண்டு வாய் உண்டுவிட்டு, "உப்புச் சரியாத்தான் இருக்கு" என்றான். "உங்க நாக்குத்தான் சரியில்ல."

அப்போது தாய்ப்பூனை வந்தது. கூடையை எட்டிப் பார்த்து, ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு நடந்தது. நேராக மூட்டை அறையைப் பார்த்து.

அறை வாசலில் ஜக்கையன் தனியாக நின்றிருந்தார். உடைந்த ஜன்னல் வழியாக மூட்டைகளின் மேல் வெயிலும் சாரலும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. ஒரு மூட்டையின் வாய் பிரிந்து, காய் சிதறிக் கிடந்தது. ஊரிலேயே எவரிடமும் இல்லாத பச்சை. பூனை அவர் காலடியில் வந்து நின்றது. காலைத் தூக்கினார். பால்சாமி கையில் சோற்றுருண்டையோடு உறைந்தான்.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு, ஜன்னல் வழியே விழுந்து வாசல்வரை உருண்டு வந்திருந்த அம்மிக் குழவியின் மேல் இறங்கியது. ஜக்கையன் அதைக் காலால் உருட்டினார். திறந்த கதவு சாத்திக்கொள்ளாதபடி அடியில் அண்டக் கொடுத்தார்.

"வெளுத்தா வெளுக்கட்டும்" என்றார், யாருக்கும் அல்லாமல். பூனை உள்ளே போயிற்று.